தொடக்கநிலை ஹைட்ரோபோனிக்ஸ் தொகுப்பு: பெட்டி தரமானது, தண்ணீரைப் பற்றிய கையேடு போதாது

மொட்டை மாடியிலும் பால்கனியிலும் மண் இல்லாமல் கீரை வளர்க்க விரும்புவோருக்காக இணையத்தில் விற்கப்படும் தொடக்கநிலைத் தொகுப்பு ஒன்றை, சென்னையில் மார்கழி, தை மாதங்களிலும் அவற்றைத் தொடர்ந்த கோடையிலும் பயன்படுத்திய பின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். மூடியுடன் கூடிய 20 லிட்டர் பெட்டி, நாற்றைத் தாங்கும் வலைக்கண் கிண்ணங்களான ஆறு நெட் பாட்கள், சுட்ட களிமண் உருண்டைகள், விதை முளைக்க வைக்கும் பஞ்சுத் துண்டுகள், சிறிய ஏர் பம்ப், அதற்கான குழாயும் காற்றைச் சிறு குமிழிகளாகப் பிரிக்கும் ஏர் ஸ்டோனும், ஏ, பி என இரண்டு புட்டிகளில் திரவ ஊட்டச்சத்து, நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் அளவைக் காட்டும் பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர், பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) பார்க்கும் சொட்டு மருந்து, பிஎச் குறைக்கும் அமிலக் கரைசல், எட்டுப் பக்கக் கையேடு ஆகியவை இதில் உள்ளன. விலை மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய இதே பொருள்களைக் கொண்ட தொகுப்புகளைப் பல விற்பனையாளர்கள் வெவ்வேறு பெயர்களில் விற்கிறார்கள் என்பதால், நிறுவனத்தின் பெயரைக் காட்டிலும் உள்ளே இருப்பவற்றைப் பற்றிப் பேசுவதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

பெட்டியைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. வெளிப்புறம் வெள்ளையாகவும் உட்புறம் கறுப்பாகவும் இருப்பதால் வெயிலின் வெப்பம் ஓரளவு திருப்பி அனுப்பப்படுகிறது. உள்ளே ஒளியும் புகுவதில்லை. ஊட்டக் கரைசலில் ஒளி பட்டால் பாசி பிடிக்கும், பாசி சத்தையும் ஆக்சிஜனையும் பங்கு போட்டுக்கொள்ளும், கரைசலில் உள்ள இரும்புச் சத்தும் ஒளியில் சிதையும் என்பதால், இந்தச் சிறு ஏற்பாடு மிக முக்கியமானது. இதைவிட மலிவான தொகுப்புகளில் ஒளி ஊடுருவும் பெட்டியைத் தந்துவிட்டுப் பாசியைத் துடைக்கச் சொல்கிறார்கள். மூடி நெட் பாட்களை இறுகப் பிடிக்கிறது, ஏர் பம்ப் இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு ஒலி எழுப்புவதில்லை.

குறை தொடங்கும் இடம் கையேட்டின் இரண்டாம் பக்கம். பெட்டியில் “நல்ல தண்ணீரை” நிரப்பி, ஏ, பி இரண்டையும் சம அளவில் சேர்த்துக்கொண்டே வந்து, மீட்டர் 800 காட்டும்போது நிறுத்த வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. எங்கள் அடுக்ககத்தின் போர் தண்ணீரில் மீட்டரை நனைத்தால், ஒரு சொட்டு ஊட்டச்சத்தும் சேர்ப்பதற்கு முன்பே அது 900ஐத் தாண்டுகிறது. கையேட்டின்படி பார்த்தால் இந்தத் தண்ணீருக்கு ஊட்டச்சத்தே தேவையில்லை. அதை அப்படியே நம்பி நாற்றை வைத்தால் செடி வெளிறிப்போய் நின்றுவிடும், வாங்கியவர் விதையையோ தன் கைராசியையோ நொந்துகொள்வார். இந்த ஒரு வரியால் எத்தனை பெட்டிகள் பரணுக்குப் போயிருக்கும் என்பதை நினைக்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் பிழை பெட்டியிலும் இல்லை, வாங்கியவரிடமும் இல்லை.

மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்துத்திறனை மட்டுமே. கரைந்திருப்பது செடிக்கு உணவாகும் பொட்டாசியம் நைட்ரேட்டா, செடிக்கு வேண்டாத சோடியம் குளோரைடா என்பது அதற்குத் தெரியாது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கரைந்துள்ள திடப்பொருள்களின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை விரும்பத்தக்கதாகவும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 2000 வரை ஏற்கத்தக்கதாகவும் சொல்கிறது. மனிதர் குடிக்கலாம் என்ற அந்த வரம்புக்குள் இருக்கும் தண்ணீரும் மண்ணில்லா வளர்ப்புக்கு ஒத்துவராமல் போகலாம். மண்ணில் உப்பின் ஒரு பகுதி மழையிலும் பாசனத்திலும் கீழே இறங்கிவிடும். மூடிய பெட்டியிலோ அதற்குப் போக்கிடம் இல்லை. செடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, அது தொடாத சோடியமும் குளோரைடும் மிஞ்சும் நீரில் அடர்ந்துகொண்டே போகும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரைப் பயன்படுத்துவோர் இதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

800 என்ற அந்த எண்ணிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. டிடிஎஸ் மீட்டர் தான் அளந்த கடத்துத்திறனை ஒரு மாறிலியால் பெருக்கிப் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று காட்டுகிறது. சில மீட்டர்களில் அந்த மாறிலி 0.5, சிலவற்றில் 0.7. சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிசீமன்ஸ் (கடத்துத்திறனின் அலகு) உள்ள அதே கரைசல் முதல் வகை மீட்டரில் 500 என்றும், இரண்டாம் வகையில் 700 என்றும் தெரியும். ஆகவே மாறிலியைச் சொல்லாமல் 800 என்று மட்டும் எழுதினால், அது 1.6 மில்லிசீமன்ஸாகவும் இருக்கலாம், 1.15க்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். லெட்டூஸ் கீரைக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு 0.8 முதல் 1.2 மில்லிசீமன்ஸ் வரை என்பதால், இரண்டுக்கும் உள்ள இடைவெளி இளநாற்றுக்குச் சிறியதல்ல. ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடைகளில் 1413 மைக்ரோசீமன்ஸ் (1.413 மில்லிசீமன்ஸ்) அளவுத்திருத்தக் கரைசல் கிடைக்கிறது. அதில் நனைக்கும்போது மீட்டர் 700ஐ ஒட்டிக் காட்டினால் மாறிலி 0.5, 990ஐ ஒட்டிக் காட்டினால் 0.7. இந்தத் தொகுப்பின் மீட்டர் முதல் வகையைச் சேர்ந்தது, அளவும் சரியாகவே இருக்கிறது. நல்ல கருவியைக் கொடுத்துவிட்டு, அதைப் படிக்கும் முறையைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

எனவே இதை வாங்குகிறவர்கள் கையேட்டின் எண்ணை ஒதுக்கிவிட்டு, வெறும் தண்ணீர் காட்டும் அளவை முதலில் குறித்துக்கொண்டு, ஊட்டச்சத்தால் எவ்வளவு கூடுகிறது என்பதைக் கணக்கிடுவதே முறை. வெறும் தண்ணீர் இந்த மீட்டரில் 150ஐ ஒட்டி இருந்தால் வேலை எளிது. வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் உள்ளவர்கள் அதன் நீரையும் போர் தண்ணீரையும் கலந்து அந்த அளவுக்குக் கொண்டுவரலாம். தனி ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்துவதிலும் தவறில்லை. ஆனால் அதில் கால்சியமும் மெக்னீசியமும் ஏறத்தாழ இல்லாமல் போவதால், ஊட்டப் புட்டிகள் மட்டுமே அவற்றைத் தர வேண்டியிருக்கும். பிஎச் மாற்றத்தைத் தாங்கும் தன்மை குறைந்த அந்த நீரில் பிஎச்சும் விரைவாக ஏறி இறங்கும். குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் அதிலுள்ள குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். கடினநீரை மென்மையாக்கும் கருவியின் நீரை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றக் கூடாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது, மீட்டரிலும் பெரிய மாற்றம் தெரியாது. எனக்கு மிகவும் பிடித்தது மழைநீர். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மாடியிலிருந்து இறங்கும் குழாய் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. முதல் மழையைக் கழுவ விட்டுவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மூடிய பீப்பாய்களை நிரப்பி வைத்தால், ஒரு சிறு பெட்டிக்கு அது நெடுநாள் வரும்.

அடுத்தது ஊட்டச்சத்து. இரண்டு புட்டிகளும் தரமானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. உறையில் உட்பொருள்களை முழுமையாக அச்சிட்டிருப்பது பாராட்டத்தக்கது. ஏ புட்டியில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும், பி புட்டியில் பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட் ஆகியவற்றோடு நுண்ணூட்டங்களும் உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனியில் சாக்ஸ், நாப் ஆகிய ஆய்வாளர்கள் நீரில் செடி வளர்த்துக் காட்டிய காலத்திலிருந்து, 1938இல் கலிபோர்னியாவில் ஹோக்லண்டும் ஆர்னனும் வெளியிட்ட புகழ்பெற்ற கரைசல் வழியாக இன்றுவரை, இந்த உப்புகளின் அடிப்படைப் பட்டியல் பெரிதும் மாறவில்லை. ஆனால் “ஏ, பி இரண்டையும் சம அளவில் கலந்து தண்ணீரில் ஊற்றவும்” என்ற கையேட்டின் வாக்கியம் ஆபத்தானது. அடர்கரைசல்கள் இரண்டும் நேராகச் சேர்ந்தால் கால்சியம், சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் இணைந்து வெள்ளைப் படிவாக அடியில் தங்கிவிடும். படிந்தது மீண்டும் எளிதில் கரையாது, செடிக்கும் கிடைக்காது. இவற்றை இரண்டு புட்டிகளாகப் பிரித்து விற்பதன் காரணமே இதுதான் எனும்போது, அந்தக் காரணத்தைக் கையேடு ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டாமா? முதலில் தண்ணீர், அதில் ஏ ஊற்றி நன்றாகக் கலக்குதல், பிறகு பி ஊற்றி மீண்டும் கலக்குதல், கடைசியில் பிஎச் பார்த்தல் என்பதே சரியான வரிசை. அளக்கும் மூடியையும் ஒவ்வொரு புட்டிக்கும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கையேடு லிட்டருக்கு ஒவ்வொன்றிலும் 5 மில்லி சேர்க்கச் சொல்கிறது. கீரைகளுக்கு இது கூடுதல். நாற்றுப் பருவத்தில் அதில் பாதியே போதும். இலைகள் விரிந்து பெட்டியின் மேற்பரப்பை மூடத் தொடங்கும்போது படிப்படியாக உயர்த்தலாம். பாலக்கீரை சற்றுக் கூடுதல் அடர்த்தியைத் தாங்கும். தக்காளிக்கு 2 மில்லிசீமன்ஸுக்கு மேல் தேவைப்படும். ஆனால் 20 லிட்டர் பெட்டியில் தக்காளி வைக்கலாம் என்று உறையில் படம் போட்டிருப்பதை நான் ஏற்கவில்லை. காய்க்கும் பருவத்தில் அது குடிக்கும் நீருக்கு இந்தப் பெட்டி மிகச் சிறியது.

பிஎச் பார்க்கும் சொட்டு மருந்து தொடக்கத்தில் உதவுகிறது, ஆனால் நெடுநாள் நம்பத்தக்கதல்ல. 5.5க்கும் 6.5க்கும் இடையில் கரைசலை வைக்க வேண்டிய இடத்தில், மஞ்சளுக்கும் இளம்பச்சைக்கும் உள்ள சாயல் வேறுபாட்டை மாலை வெளிச்சத்தில் பிரித்தறிவது கடினம். இந்த வரம்பு ஏன் முக்கியம் என்பதற்கு இரும்பே எடுத்துக்காட்டு. உறையில் குறிப்பிட்டுள்ளபடி இதில் உள்ள இரும்பு, அதைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் இடிடிஏ என்ற சேர்மத்தின் பிணைப்பில் இருக்கிறது, பிஎச் 6.5ஐக் கடந்து மேலே போகப் போக அந்தப் பிணைப்பு தளர்ந்து, இரும்பு கரைசலில் இருந்தும் செடிக்கு எட்டாமல் போகிறது. இளந்தளிர் மஞ்சளித்து நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிவதைக் கண்டவுடன் பலரும் இன்னும் ஊட்டச்சத்தை ஊற்றுகிறார்கள். அங்கே வேண்டியது பிஎச்சைச் சரிசெய்வது. கடினநீரில் பிஎச்சை மேலே இழுக்கும் பைகார்பனேட் மிகுந்திருப்பதால், இன்று 6க்கு இறக்கிய பிஎச் மறுநாள் 7ஐ நோக்கி ஏறியிருக்கும். பைகார்பனேட் தீரும்வரை அமிலம் ஊற்றிக்கொண்டே இருப்பதைவிட, தொடக்கத்திலேயே ஆர்.ஓ. நீரையோ மழைநீரையோ கலப்பது செடிக்கும் நல்லது, செலவுக்கும் நல்லது. செடி நைட்ரேட்டை உறிஞ்சும்போதும் பிஎச் மெல்ல ஏறுவது இயல்பே. அன்றாடம் அதை விரட்டிப் பிடிக்கத் தேவையில்லை, வரம்பைக் கடக்கும்போது திருத்தினால் போதும். தொகுப்பில் வரும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் இதற்குப் பொருத்தமானது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் ஓரிரு நாளில் நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்டுவிடுவதால் பிஎச் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அமிலத்தைக் கையாளும்போது கையுறை அணிந்து, அதைத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை கையேட்டில் தெளிவாக இருக்கிறது, அதற்கு நன்றி.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது நீர்மட்டம் குறையும்போது செய்ய வேண்டியதைப் பற்றி. “மட்டம் குறைந்தால் அதே அளவில் கலந்த கரைசலை ஊற்றி நிரப்பவும்” என்று கையேடு எல்லாக் காலத்துக்கும் ஒரே விதி சொல்கிறது. செடி நீரையும் சத்தையும் ஒரே விகிதத்தில் எடுப்பதில்லை. கொதிக்கும் வெயிலில் அது இலைவழியே ஆவியாக விடுவதற்காகவே மிகுதியாக நீர் குடிக்கும், சத்து பின்தங்கும். சுண்டக் காய்ச்சிய ரசம் போலக் கரைசல் அடர்ந்துவிடும். அப்போது மீண்டும் முழு அடர்த்திக் கரைசலை ஊற்றினால் அடர்த்தி மேலும் ஏறி, இலை நுனிகள் கருகத் தொடங்கும். மேகமூட்டமான நாள்களில், விரைந்து வளரும் இளஞ்செடி சத்தை முந்தி எடுத்துக்கொண்டு மீட்டரின் எண்ணைக் கீழே இறக்கும். ஆகவே நிரப்புவதற்கு முன் மீட்டரைக் கேட்க வேண்டும். நீர்மட்டம் குறைந்து எண் ஏறியிருந்தால் வெறும் தண்ணீர், எண் அப்படியே நின்றால் பாதி அடர்த்திக் கரைசல், மட்டமும் எண்ணும் சேர்ந்து இறங்கியிருந்தால் முழு அடர்த்திக் கரைசல். காலையில் ஒரே நேரத்தில் நீர்மட்டம், கடத்துத்திறன், பிஎச் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வருபவருக்கு, சில வாரங்களில் தம் செடியின் பழக்கம் பிடிபட்டுவிடும். பெட்டியின் உட்புறத்தில் லிட்டர்க் கோடுகள் போட்டிருந்தால் இந்த வேலை இன்னும் எளிதாக இருந்திருக்கும். இப்போது நாமே கோடு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்படிக் கவனமாக நிரப்பி வந்தாலும், இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கரைசலை முழுவதும் மாற்றுவது தொடக்கநிலையினருக்குப் பாதுகாப்பானது. மீட்டர் சரியான எண்ணைக் காட்டும்போதே, உள்ளே நைட்ரேட்டும் பொட்டாசியமும் தீர்ந்து, செடி விட்டுவைத்த உப்புகள் மட்டும் அந்த எண்ணைத் தாங்கிக்கொண்டிருக்கக் கூடும். உப்பு மிகுந்த தண்ணீரில் தொடங்கியவர்கள் இன்னும் விரைவில் மாற்ற வேண்டும். கையேடு மாதம் ஒருமுறை என்கிறது. சென்னைத் தண்ணீருக்கு அது நீண்ட இடைவெளி.

கோடையில் இந்தத் தொகுப்பின் எல்லை தெரிகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். அதே வெப்பத்தில் வேரின் மூச்சுத் தேவையோ கூடும். இந்த இடைவெளியில்தான் வேரழுகல் நோய் புகுகிறது: வெண்மையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி வழவழப்பாகும், நாற்றம் வீசும், பெட்டி நிறைய நீர் இருந்தும் செடி பகலில் துவளும். சித்திரை, வைகாசியில் திறந்த மாடியில் லெட்டூஸ் வளர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிழல்வலையின் கீழ், தரையிலிருந்து செங்கல் மேல் தூக்கி வைத்த பெட்டியில், பாலக்கீரையைவிடவும் வெப்பத்தைத் தாங்கும் புதினாவும் வள்ளைக்கீரையும் நன்றாகவே வருகின்றன. நண்பகலில் உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியை மூடியபடியே கரைசலில் மிதக்க விடுவது சில மணி நேரத்துக்கு உதவும். பனிக்கட்டியை நேராகப் போட்டால் கரைசல் நீர்த்துவிடும்.

மின்தடையைப் பற்றிக் கையேடு பேசவில்லை. செடி வளர்ந்த பின் நீர்மட்டத்தை நெட் பாட்டின் அடியிலிருந்து மூன்று நான்கு விரல் கீழே வைத்தால், மேல் வேர்கள் ஈரக் காற்றில் நிற்கும். பம்ப் நின்றாலும் அவை மூச்சுவிடும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பம்பே இல்லாமல் கீரை வளர்க்க வகுத்த முறை இந்த இடைவெளியையே நம்பியிருக்கிறது. இந்தப் பெட்டியின் ஆழம் அதற்கு நன்றாகவே இடம்கொடுக்கிறது, ஆனால் கையேடோ விளிம்புவரை நிரப்பி வைக்கச் சொல்கிறது. நாற்றின் வேர் இன்னும் கீழே இறங்காத முதல் சில நாள்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

ஊட்டச்சத்து தீர்ந்த பின் மறுபடி வாங்குவதற்கான விலை, திரவப் புட்டியாக வாங்கினால் கூடுதல். அதே நிறுவனம் தூள் வடிவில் விற்கும் ஏ, பி பைகள் பெரிதும் மலிவாகவும் கெடாமலும் இருக்கின்றன. சிக்கனம் கருதி உரக்கடையில் கிடைக்கும், நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 தூளை இதற்குப் பதிலாகக் கரைப்பவர்கள் உண்டு. அதில் கால்சியம் இல்லை. நைட்ரஜனின் பெரும்பங்கு யூரியா வடிவில் இருப்பதால், மண்ணின் நுண்ணுயிர்கள் இல்லாத இந்தப் பெட்டியில் செடி அதை உடனே எடுத்துக்கொள்ளவும் முடியாது. தொட்டிச் செடிக்கு அது நல்ல உரம், இங்கே அல்ல. கையேட்டின் குறைகளை எழுதி அனுப்பியபோது விற்பனையாளரிடமிருந்து பொறுப்பான பதில் வந்தது. ஊட்டச்சத்தைக் கலக்கும் வரிசையை அடுத்த பதிப்பில் திருத்துவதாகச் சொன்னார்கள். தண்ணீரைப் பற்றிய பக்கத்தையும் திருத்தினால், இந்த விலைக்கு இதைவிட நல்ல தொகுப்பைத் தேட வேண்டியிருக்காது. அதுவரை வாங்குகிறவர்கள் ஒரு பிஎச் மீட்டருக்கும் அளவுத்திருத்தக் கரைசல்களுக்கும் சேர்த்து இன்னும் ஓர் ஆயிரம் ரூபாயை ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியேற்றும் பழைய கரைசலைச் சாக்கடையில் கொட்டாமல், இரண்டு பங்கு தண்ணீர் கலந்து மாடியிலுள்ள மண்தொட்டிச் செடிகளுக்கு ஊற்றினால் அந்தச் சத்தும் வீணாகாது.